பிருந்தாவனத்தில் ஓர் இரவு!

தோட்டத்துக்குள் தங்குவதா? ஊருக்குள் தங்குவதா? மைசூர் போகும் தம்பதிகளுக்கு ஒரு கணக்கு

சனிக்கிழமை இரவு. மணி எட்டை நெருங்குகிறது. கிருஷ்ணராஜசாகர் அணைக்குக் கீழே வண்ண விளக்குகளுக்கு நடுவே நீர் பொங்கிப் பொங்கி ஆடுகிறது. பாட்டு இன்னும் முடியவில்லை. கூட்டத்தில் ஒருத்தி கணவனின் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"என்னங்க, போதும் வாங்க. பஸ் போயிடும்!"

இருவரும் ஓடுகிறார்கள். பாலம், படிக்கட்டு, கேட், அதற்கப்பால் பஸ் நிற்கும் இடம். உட்கார இடமில்லை, நிற்க இடம் கிடைத்ததே பெரிய காரியம். மைசூர் லாட்ஜுக்கு வந்து சேரும்போது கால் வலி. விடிந்தால் மறுபடி ரயில்.

பெங்களூர்த் தமிழர்களில் பெரும்பாலோர் பிருந்தாவனத்தைப் பார்த்த கதை இதுதான். தோட்டத்தைப் பார்த்ததை விடக் கடிகாரத்தைப் பார்த்த நேரமே அதிகம்!

பீன்யாவில் மெஷின் ஓட்டுகிறவர் இருக்கிறார். சிவாஜி நகரில் கணக்கு எழுதுகிறவர் இருக்கிறார். ஸ்ரீராமபுரத்தில் ஒன்றரை அறை வீடு. அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் தம்பி, நடுவில் ஒரு சேலைத் திரை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் புருஷனும் பெண்டாட்டியும் உரக்கச் சிரித்துப் பேச ஓர் இடம் கிடையாது. இப்படிப்பட்டவர்கள் இரண்டு நாள் லீவு போட்டு மைசூர் போவது ஊர் பார்க்க மட்டும்தானா? தாழ்ப்பாள் போட்டுக் கொள்ள ஒரு கதவு வேண்டும் என்பதற்காகவும்தான்.

ஆகவே எங்கே தங்குவது என்பது சின்னக் கேள்வி அல்ல. பல மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அதில் இருக்கிறது.

அணைக்குக் கீழே ஒரு தோட்டம்

காவிரி, ஹேமாவதி, லட்சுமண தீர்த்தம் ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடத்தில், கண்ணம்பாடி என்ற ஊருக்குப் பக்கத்தில், 1911-ம் ஆண்டு அணை வேலை தொடங்கியது. அப்போது மைசூர் சமஸ்தானத்தின் தலைமை எஞ்சினீயர் விசுவேசுவரய்யா. பின்னால் அவரே திவானும் ஆனார். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மகாராஜாவின் பெயர் அணைக்கு வைக்கப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் இன்றும் அதை 'கண்ணம்பாடிக் கட்டை' என்றுதான் சொல்கிறார்கள்.

அணை உயர்ந்து கொண்டிருந்தபோது திவானாக வந்தவர் மிர்சா இஸ்மாயில். காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டத்தைப் போல ஒன்று இங்கேயும் வேண்டும் என்று நினைத்தார். 1927-ல் வேலை ஆரம்பம், 1932-ல் முடிந்தது. ஏறத்தாழ 60 ஏக்கர். படிப்படியாக இறங்கும் மேடைகள், நடுவே ஓடும் நீர், இரு பக்கமும் பூப்பாத்திகள். தோட்டத்தின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் ஒரு நீர்த்தேக்கம், அதில் படகு. அந்தப் பக்கம் போனால் இசைக்கேற்ப ஆடும் நீரூற்று.

சினிமாக்காரர்கள் விடுவார்களா? டூயட் பாட்டு என்றால் கேமராவைத் தூக்கிக் கொண்டு பிருந்தாவனத்துக்கு ஓடி வந்த காலம் ஒன்று உண்டு. கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிப் பிடித்து விளையாடிய படிக்கட்டுகளைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தேனிலவு ஆசையே பிறந்தது.

டிஸ்னிலாண்டு சொன்ன பாடம்

பூங்காவோடு ஓட்டலையும் சேர்த்து வைப்பது வெளிநாட்டில் பெரிய வியாபாரம். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1955 ஜூலையில் டிஸ்னிலாண்டைத் திறந்தார். பூங்காவுக்கே பணத்தையெல்லாம் கொட்டிவிட்டதால் ஓட்டல் கட்ட அவர் கையில் காசில்லை. ஜாக் ராதர் என்ற இன்னொருவர் எதிரிலேயே கட்டினார். அதே வருஷம் அக்டோபரில் அந்த டிஸ்னிலாண்டு ஓட்டல் திறந்தது.

பூங்காவுக்கு வந்து சாயங்காலம் திரும்பிப் போகிறவர் ஒரு டிக்கெட்டோடு சரி. அங்கேயே படுத்து எழுந்திருப்பவர் ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன், மறுநாள் விளையாட்டு என்று செலவழித்துக் கொண்டே இருப்பார். முதலாளிக்கு இந்த வகையில் லாபம். தங்குகிறவருக்கு என்ன லாபம்? வரிசையும் அவசரமும் இல்லாத நேரம். அது கிடைத்தால் கொடுத்த பணம் வீண் இல்லை. கிடைக்காவிட்டால் வெறும் பெருமைதான்.

இந்த அளவுகோலை மைசூருக்குக் கொண்டு வந்து வைத்துப் பார்க்கலாம்.

மூன்று வழிகள்

பெங்களூரிலிருந்து புறப்படும் தம்பதிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வழியிலேயே பிடதி. தட்டே இட்லிக்குப் பேர் போன ஊர். இங்கே 2005-ல் வொண்டர்லா பூங்கா வந்தது. 2012-ல் அதன் வளாகத்திலேயே 84 அறைகளோடு ரிசார்ட்டும் வந்தது. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, செயற்கை அலை என்று பகல் முழுக்க ஆட்டம். களைத்துப் போனால் நடந்தே அறைக்குத் திரும்பலாம். நாள் பூராவும் தண்ணீரில் குதித்து விளையாட இருவருக்குமே ஆசை என்றால் இது சரியான இடம். ஒருவருக்குத் தலைசுற்றல், மற்றவர் மட்டும் ராட்டினம் ஏறுவார் என்றால்? ஒருவர் பையைக் காவல் காத்துக் கொண்டே பொழுதைக் கழிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, மைசூர் நகரம். காந்தி சதுக்கம், தன்வந்திரி ரோடு பக்கம் சிக்கனமான லாட்ஜுகள். வசதி உள்ளவருக்கு நட்சத்திர ஓட்டல்கள். வைஸ்ராய் வந்தால் தங்குவதற்காக 1921-ல் கட்டத் தொடங்கிய லலித மகால் அரண்மனையே 1974-ல் ஓட்டலாகிவிட்டது! நகரத்தில் தங்கினால் அரண்மனை, மார்க்கெட், மிருகக்காட்சிசாலை எல்லாம் பக்கம். நினைத்த நேரத்தில் காபி, டிபன். தண்ணீர் விளையாட்டு வேண்டுமானால் கே.ஆர்.எஸ். ரோட்டிலேயே ஜி.ஆர்.எஸ். பூங்கா இருக்கிறது, ஒரு பகல் போய் வரலாம்.

மூன்றாவது, பிருந்தாவனத்திலேயே தங்குவது. மைசூரிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர். தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு நட்சத்திர ஓட்டல் இருக்கிறது. கர்நாடக சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'மயூரா காவேரி' விடுதியும் இருக்கிறது. முன்னது பர்சைக் கனமாகக் கடிக்கும். பின்னது கொஞ்சம் மெதுவாக.

கூட்டம் போன பிறகு...

உள்ளே தங்குகிறவருக்குக் கிடைப்பது என்ன?

நீரூற்று நின்றதும் ஒரு சத்தம் எழும். ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே திசையில் நடக்கிற சத்தம். பிள்ளைகளைத் தேடுகிற குரல், டிரைவர்கள் கூப்பிடுகிற குரல், ஆரன் ஒலி. கொஞ்ச நேரம்தான். அப்புறம் தண்ணீரின் சத்தம் மட்டும் மிச்சம். அணைக்கட்டு இருட்டில் ஒரு நீளக் கோடாகத் தெரியும். பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேச நேரம் இருக்கிறது. கேட்க ஆளும் இருக்கிறது.

காசு இதற்குத்தான். மெத்தை, ஏ.சி., டி.வி. எல்லாம் மைசூரிலும் கிடைக்கும். கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை இல்லாத ஒரு சாயங்காலம் மைசூரில் கிடைக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அங்கே தங்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓட்டலை விட்டால் வேறு கதி அதிகம் இல்லை. தெருமுனை இட்லிக் கடையை எதிர்பார்த்துப் போகிறவர் பட்டினி கிடப்பார். நினைத்த நேரத்தில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். பகல் பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டால் தோட்டத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அணைக்கட்டின் மேலே நடந்து போகலாம் என்று அப்பா, பெரியப்பா சொன்ன பழைய கதையை நம்பிப் போகாதீர்கள். இப்போது பொதுமக்களை விடுவதில்லை.

ஆகவே பிருந்தாவனத்துக்கு ஓர் இரவு போதும். இரண்டாவது இரவு அங்கே தங்குவது பணத்துக்கும் கேடு, பொழுதுக்கும் கேடு. இரண்டு இரவு விடுமுறை என்றால் ஒன்றை அங்கேயும் ஒன்றை மைசூரிலும் வைத்துக் கொள்ளலாம். இரண்டு இரவும் சுமாரான அறையில் படுப்பதை விட, ஓர் இரவு நல்ல அறை, ஓர் இரவு சிக்கன லாட்ஜ் என்று பிரித்துக் கொண்டால் மொத்தச் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மைசூர் அரண்மனையில் விளக்கு அலங்காரம் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் அரசு விடுமுறை நாட்களிலும். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள், இரவு ஏழு மணி வாக்கில் ஒரே நொடியில் எரியும். பழைய அரண்மனை 1897-ல் தீப்பிடித்துப் போக, சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் பங்கு கொண்ட அதே ஹென்றி இர்வின் வரைந்து கொடுத்து, 1912-ல் முடிந்த அரண்மனை இது. ஞாயிறு மாலை பிருந்தாவனத்துக்குப் போனால் இதைப் பார்க்க முடியாது. இதைப் பார்த்தால் நீரூற்று போய்விடும்.

சனிக்கிழமை மத்தியானம் நேராக பிருந்தாவனம், அங்கேயே இரவு. ஞாயிறு காலை டிபன் முடித்து அறையைக் காலி செய்துவிட்டு ரங்கனதிட்டு. பறவை நிபுணர் சலீம் அலி எடுத்துச் சொன்னதன் பேரில் 1940-ல் சரணாலயமான இடம். படகில் போனால் பாறை மேல் முதலை வெயில் காய்வதைப் பார்க்கலாம். அடுத்து பக்கத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரித் தீவில் பள்ளி கொண்ட ஆதிரங்கன். நம் திருச்சி ஸ்ரீரங்கத்து அரங்கனுக்கு மூத்தவர் என்பார்கள். மத்தியானம் மைசூர் போய்ச் சாப்பாடு, அரண்மனைக்குள் ஒரு சுற்று. ஏழு மணிக்கு விளக்கு. பிறகு பெங்களூர் ரயில். இப்படிப் போனால் எதையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டியதில்லை.

ஷிப்டு வேலையில் இருப்பவருக்கு ஒரு லாபம் உண்டு. வார லீவு புதன், வியாழனில் வந்தால் கூட்டம் குறைவு. அறை வாடகையும் பெரும்பாலும் குறைவு. அரண்மனை விளக்கு போனாலும் தோட்டம் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் மிருகக்காட்சிசாலைக்கு விடுமுறை என்பதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் மனைவியை உட்கார வைத்துக் கொண்டு புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் திறந்த புது நெடுஞ்சாலையின் பிரதான பாதையில், அந்த வருஷம் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். மத்தூரில் நிறுத்தி ஒரு வடை தின்றுவிட்டுப் போனால் முதுகுவலி தெரியாது.

பணம் கட்டும் முன்னால்...

விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. போன் போட்டுக் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

தோட்டம் திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள். 2022-ம் ஆண்டு கடைசியில் பிருந்தாவனத்துக்குள் சிறுத்தை நடமாட்டம் தெரிந்து, தோட்டத்தைப் பல நாட்கள் மூடிவிட்டார்கள். தேனிலவுக்குப் போகிறவரை வரவேற்கச் சிறுத்தை வருமென்று யார் நினைத்தார்கள்?

அறை தோட்டத்தைப் பார்த்தபடியா, பின்பக்கமா? பின்பக்கம் என்றால் அங்கே தங்குவதில் பாதிப் பலன் போயிற்று. தங்குகிறவருக்குத் தோட்டக் கட்டணம் தனியா, சேர்த்தா? விடியற்காலையில் உள்ளே நடக்க விடுவார்களா? வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா, அல்லது பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா? காலை டிபன் வாடகையில் சேர்ந்ததா? வரி எவ்வளவு? பயணம் ரத்தானால் பணம் திரும்புமா?

இருவருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். "என் சம்சாரம்தான் சார்" என்று கவுண்டரில் நின்று கெஞ்சிக் கொண்டிருக்கும் நிலை வரக்கூடாது. தசரா சமயத்திலும் பள்ளி லீவிலும் அறை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். லீவு கிடைக்கிற தேதியை மாற்ற முடிந்தால் மாற்றுவது நல்லது.

இன்னொரு டிஸ்னிலாண்டு?

பிருந்தாவனத்தையே டிஸ்னிலாண்டு மாதிரி மாற்றும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. 2018-ல் காவிரித் தாய்க்கு 125 அடிச் சிலையோடு இந்த யோசனை வெளியானது. கிடப்பில் இருந்ததை 2024-ல் மறுபடி எடுத்து, சுமார் 2,600 கோடி ரூபாயில் தனியாரோடு சேர்ந்து செய்ய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. மண்டியா பக்கத்து விவசாயிகள் எதிர்த்தார்கள். இத்தனை பாரமும் கூட்டமும் வந்தால் பழைய அணைக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி.

திட்டம் எப்படிப் போனாலும் ஒன்று நிச்சயம். பெரிய ராட்டினங்கள் வந்துவிட்டால் இப்போது இருக்கிற அந்த இரவு நிசப்தம் இருக்காது. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப் போட வேண்டாம்.

அந்தத் தண்ணீர்...

தமிழன் பிருந்தாவனத்தில் நிற்கும்போது இன்னொரு நினைப்பும் வராமல் போகாது. இங்கே ஆடுகிற நீர் காவிரி. கிருஷ்ணராஜசாகரின் முழு மட்டம் 124.80 அடி. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. தஞ்சாவூரில் நிலம் வைத்திருக்கிற வீட்டுக்காரருக்கு இந்த இரண்டு எண்ணும் பிள்ளைகளின் பிறந்த தேதி மாதிரி மனப்பாடம். 1924-ல் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்து கொண்ட ஒப்பந்தம்தான் கிருஷ்ணராஜசாகரை முழு அளவுக்கு உயர்த்தவும், மேட்டூரைக் கட்டவும் வழி விட்டது. இரண்டும் ஒரே காகிதத்தில் பிறந்த அணைகள்.

மழை பொய்த்த வருஷங்களில் அந்த உறவு கசக்கும். 1991 டிசம்பரில் தமிழர்கள் பட்ட பாட்டைப் பெங்களூரின் பழைய குடும்பங்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு எண் பலகை உள்ள வண்டிகள் எரிந்தன. 2023 செப்டம்பரிலும் பந்த் நடந்தது. அணை நிரம்பாத வருஷத்தில் ஆகஸ்டு, செப்டம்பரில் பயணம் வைத்தால், புறப்படும் முன் அன்றைய செய்தியைப் பார்க்க வேண்டும். மண்டியாவில் மறியல் என்றால் ரோடு அடைபடும். அந்த மாதங்களில் ரயிலே மேல். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையே மேல்.

அணை நிரம்பிய வருஷத்தில் இந்தப் பயம் இல்லை. அப்போது தோட்டத்துக் காவலர் கன்னடத்தில் பேசுவார், டீக்கடைக்காரர் பாதித் தமிழில் பதில் சொல்வார், "எந்த ஊரு?" என்று விசாரிப்பார். நீர் இருந்தால் எல்லோரும் உறவுதான்.

கடைசி பஸ்

பிருந்தாவனத்தில் சனிக்கிழமை இரவு நீரூற்று நிற்கிறது. கூட்டம் எழுந்து ஓடுகிறது. பழக்கத்தில் மனைவியும் எழுந்து செருப்பைத் தேடுகிறாள்.

"என்னங்க, பஸ்..."

"இன்னைக்கு நமக்கு பஸ் இல்லை. உட்காரு."

அவள் உட்காருகிறாள். அறைச் சாவி கணவனின் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டில் அம்மா கேட்டால் என்ன சொல்வது, வாடகை எவ்வளவு என்று சொல்வதா வேண்டாமா என்று இருவரும் யோசிக்கிறார்கள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வருகிறது. அடக்கிக் கொள்ளாமல், உரக்கவே சிரிக்கிறார்கள்.